எழுதினால் என்ன கிடைக்கும்?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க்குழு அண்ணன்மார்கள் வகுப்பு வகுப்பாக வந்தபோது, கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்டது. "எழுதினா என்னண்ணே கிடைக்கும்?" வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. ஒன்றரை வருடமாக வீட்டிலும் தெருவிலும் என்னைத் துரத்திக்கொண்டு வருகிற கேள்வி அது. ஏனென்றால் நான் ஒரு பத்திரிகை ஆசிரியர்!

சிரிக்க வேண்டாம். என் பத்திரிகையின் பெயர் 'சாரல்'. மாதம் ஒன்று. கையெழுத்துப் பிரதி. மொத்தம் அச்சாவது... இல்லை, எழுதப்படுவது ஒரே ஒரு பிரதி. அந்த ஒரு பிரதி எனக்கு என்ன கொடுத்தது, எதைப் பறிக்கப் பார்த்தது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் என் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தென்காசியிலிருந்து டவுன் பஸ் பிடித்துப் போகிற தூரத்தில் எங்கள் ஊர். அப்பா சீசன் காலத்தில் குற்றாலத்தில் பழக்கடையில் வேலை செய்வார். மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன் கூடைகளை இறக்கி ஏற்றும் வேலை. ஜூனில் சாரல் விழ ஆரம்பித்தால் எங்கள் வீட்டில் அடுப்பு நன்றாக எரியும். ஆகஸ்ட் முடிந்து அருவியில் கூட்டம் குறைந்தால் அப்பாவுக்குக் கிடைத்த வேலைதான். வருடம் முழுவதும் வீட்டைத் தாங்குவது அம்மாவின் பீடித்தட்டு. அம்மா பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. அப்பா மூன்றாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அம்மாவின் பீடி அட்டையைக் காட்டித்தான் எனக்கு உதவித்தொகை கிடைத்தது. இந்த அட்டையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

'சாரல்' பிறந்தது ஒரு தப்பினால். முதல் வருடம் என்ஜினியரிங் கிராஃபிக்ஸ் வகுப்பில் நான் போட்ட படம் முழுக்கக் கோணல். அந்த ஷீட்டைச் சார் திருப்பிக் கொடுத்துவிட்டார். பின்பக்கம் வெள்ளையாக இருக்கிற டிராயிங் ஷீட்டைத் தூக்கிப் போட மனசு வருமா? காசு கொடுத்து வாங்கினதாச்சே! வீட்டில் உட்கார்ந்து மூன்று தடவை மடித்தேன். ஓரத்தை வெட்டினேன். 8 தாள், 16 பக்கம் கிடைத்தது. படம் இருந்த பக்கத்தில் பழைய காலண்டர் தாளை ஒட்டினேன். வகுப்பில் சொல்லிக் கொடுத்த லெட்டரிங் அப்போதுதான் எனக்கு உருப்படியாகப் பயன்பட்டது. அட்டையில் கோடு பிடித்து 'சாரல்' என்று பெரிதாக எழுதினேன்.

உள்ளே என்ன எழுதுவது? எனக்குத் தெரிந்ததைத்தானே எழுத முடியும்? ஐந்தருவியில் தண்ணீர் விழுந்த செய்தி, ஒரு விடுகதை, ஆச்சி சொன்ன ஒரு கதை. நான் எலக்ட்ரிகல் மாணவி என்பதால் 'மீட்டர் பார்ப்பது எப்படி?' என்று இரண்டு பக்கம். வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்தில் எத்தனை யூனிட் இலவசம், அதற்கு மேல் போகப் போக விலை எப்படி ஏறும், போன கணக்கிலிருந்து இந்தக் கணக்கை எப்படிக் கழிப்பது என்று படம் போட்டு விளக்கியிருந்தேன்.

எழுதி முடித்து நிமிர்ந்தால் படிக்க ஆள் இல்லை. தோழிகளிடம் காட்டினேன். "நல்லாருக்குட்டி, போன்ல போட்டோ எடுத்துப் போட வேண்டியதுதான?" என்றார்கள். ஒருத்தி ஸ்டேட்டஸில் வைத்தாள். மறுநாள் அது மறைந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் அம்மா, பக்கத்து வீட்டு ஆச்சி, சித்தி, எதிர் வீட்டு மதினி என்று ஏழெட்டுப் பேர் மறுநாள் கணக்குக்காகத் தட்டை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். பார்த்தவர்களுக்குத் தெரியும். இலையை நனைத்து, சட்டத்தை வைத்துக் கத்தரியால் வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, முனை மடக்கி, நூல் கட்ட வேண்டும். கைக்கும் கண்ணுக்கும் ஓயாத வேலை. காது மட்டும் சும்மா இருக்கும்.

"என்னட்டி அது கையில?" என்று ஆச்சி கேட்டாள்.

"பத்திரிகை ஆச்சி. நான் எழுதினது."

"அப்ப வாசி, கேப்போம்."

வாசித்தேன். ஆச்சியின் கதை வந்ததும் ஆச்சிக்கே வெட்கம் வந்துவிட்டது. "இந்தப் பிள்ள நான் சொன்னதப் புஸ்தகத்துல ஏத்திட்டாளே!" என்று எல்லாரிடமும் சொன்னாள். மீட்டர் பக்கம் வந்தபோது மதினி சுற்றுவதை நிறுத்திவிட்டு, "இன்னொரு மட்டம் வாசி" என்றாள். அன்று சாயங்காலமே நான்கு வீட்டு மீட்டரைப் பார்த்துக் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ராத்திரி சாப்பிடும்போது, "அடுத்தது எப்பட்டி எழுதுவ?" என்று கேட்டாள். எனக்கு அதுவே பரிசு வாங்கியது போல இருந்தது.

இந்த விஷயத்தை எங்கள் ஊர் நூலகத்தில் நூலகர் சாரிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "உங்க திண்ணையிலயும் ஒரு வட்டத்தொட்டி நடக்குதுன்னு சொல்லு!" என்றார். எனக்குப் புரியவில்லை. ரசிகமணி டி.கே.சி.யைப் பற்றி அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

டி.கே. சிதம்பரநாத முதலியார் நம்ம தென்காசிக்காரர். வக்கீலுக்குப் படித்தவர். ஆனால் அவர் மனசு கோர்ட்டில் இல்லை, கம்பனிடம் இருந்தது. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வீட்டு முற்றத்தில் வட்டமான ஒரு தொட்டிக்கட்டு இருந்தது. 1924 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் அங்கே கூடி உட்கார, ஒரு பாட்டை எடுத்து வாய்விட்டுப் படித்து, திரும்பத் திரும்பப் படித்து ரசித்தார்கள். அதனால் அந்தக் கூட்டத்துக்கே வட்டத்தொட்டி என்று பெயர் வந்துவிட்டது. பிற்காலத்தில் அவர் குற்றாலத்தில் வந்து தங்கியபோது ராஜாஜி, கல்கி போன்றவர்கள் எல்லாம் அவரைத் தேடி வந்தார்கள். அவர் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களே பிறகு புத்தகமாகின. எதிரே ஒரு ஆளை நினைத்துக்கொண்டு பேசுவது போல எழுதியதால்தான் அந்தக் கடிதங்களுக்கு அவ்வளவு உயிர் என்று சார் சொன்னார்.

அவர் வட்டத்தில் இருந்தவர்கள் படித்த பெரியவர்கள். எங்கள் வட்டத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களே மூன்று பேர்தான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை, வாய்விட்டுப் படிப்பது, "இன்னொரு மட்டம்" என்று கேட்பது - எல்லாம் ஒன்றாகத்தானே இருக்கிறது!

சார் இன்னொன்றும் சொன்னார். பக்கத்துக் கேரளத்தில், கண்ணூர்ப் பக்கம் பீடிக் கம்பெனிகளில் தொழிலாளர்களே தங்களில் ஒருவரைப் பேப்பர் படிக்க உட்கார வைப்பார்களாம். அவர் சுற்ற வேண்டிய பீடியை மற்றவர்கள் பங்கு போட்டுச் சுற்றிக் கொடுப்பார்கள். 1969-இல் தொடங்கிய கேரள தினேஷ் பீடிக் கூட்டுறவிலும் இந்தப் பழக்கம் இருந்தது. கடல் கடந்து கியூபாவில் ஹவானா நகரத்துச் சுருட்டு ஆலைகளில் 1865-லேயே இது ஆரம்பித்துவிட்டது. தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து காசு போட்டுப் படிப்பவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். காலையில் செய்தித்தாள், பிறகு நாவல். அலெக்சாந்தர் துமா எழுதிய ஒரு நாவல் அவர்களுக்கு அவ்வளவு பிடித்துப்போனது. அதில் வரும் மாண்டி கிறிஸ்டோ என்ற பெயரையே பிற்காலத்தில் ஒரு சுருட்டுக்கு வைத்துவிட்டார்கள். இதை அம்மாவிடம் சொன்னேன். "அப்ப எங்களுக்கும் ஒரு கம்பெனி வேணும். ஒனக்குச் சம்பளம் தருவோம்" என்று சிரித்தாள்.

சம்பளம்! அங்கேதான் விஷயம் சிக்கலாக ஆரம்பித்தது.

போன சீசனில் அப்பா வேலை பார்க்கும் பக்கத்தில் ஒரு கடைக்கார அண்ணாச்சி, என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு விலைப்பலகை எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். 300 ரூபாய் கொடுத்தார். என் எழுத்துக்கு வந்த முதல் காசு! உடனே என் மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. 'சாரல் - சீசன் சிறப்பிதழ்' என்று ஒரே தாளில் இரண்டு பக்கம் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, அருவிக்கு வருகிறவர்களுக்குக் கொடுத்தால் என்ன? கடைகளில் விளம்பரம் வாங்கினால் என்ன?

நான்கு விளம்பரம், தலைக்கு 200 ரூபாய், ஆக 800. ஜெராக்ஸ் 100 தாள், இரண்டு பக்கமும் சேர்த்து 4 ரூபாய், ஆக 400. லாபம் 400 ரூபாய். எங்கள் வீட்டில் அதை லேசாக எண்ண முடியாது.

ஆனால் முதலில் நான் எழுதி வைத்திருந்த ஒரு பகுதி, 'சீசனில் எதற்கு என்ன விலை கொடுக்கலாம்?' என்பது. விளம்பரம் தந்த ஒருவர், "இது வேண்டாம் பாப்பா, யாவாரம் கெட்டுப்போவும்" என்றார். எடுத்துவிட்டேன். இன்னொருவர் அவர் கடைச் சரக்குதான் குற்றாலத்திலேயே நம்பர் ஒன் என்று எழுதச் சொன்னார். எழுதினேன். கடைசியில் பேரருவியைப் பற்றி மூன்று வரி மிஞ்சியது.

வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் வாசித்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பாதியிலேயே சித்தி வேறு பேச்சை எடுத்துவிட்டாள். ஆச்சி மட்டும் கடைசியில் கேட்டாள்: "இது யாருக்கட்டி எழுதின?"

எனக்குப் பதில் தெரியவில்லை.

காசுக்கு எழுதுவது பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. வயிறு நிறைந்தவர்கள் அப்படிச் சொல்லலாம். நூலகத்தில் பத்திரிகை நடத்தியவர்கள் கதையைத் தேடிப் படித்தேன். ஆனந்த விகடன் 1926-இல் தொடங்கி, நடத்த முடியாமல் நின்றபோது, 1928-இல் அதை வாங்கியவர் எஸ்.எஸ். வாசன். விளம்பரத் தொழிலில் இருந்தவர். அதை நாடறிந்த பத்திரிகையாக்கினார். சி.பா. ஆதித்தனார் 1942-இல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கினார். எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஆளுக்கும் புரிகிற தமிழில் எழுதச் செய்தார். என் அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றும் எழுத்து மறக்காமல் இருப்பது டீக்கடைத் தந்தியால்தான்.

நஷ்டப்பட்டவர்களும் உண்டு. நம்ம திருநெல்வேலியிலிருந்து தொ.மு.சி. ரகுநாதன் 1954-இல் 'சாந்தி' என்ற இதழைத் தொடங்கினார். 1956-க்கு மேல் நடத்த முடியவில்லை. வத்தலக்குண்டுக்காரர் சி.சு. செல்லப்பா 1959-இல் 'எழுத்து' தொடங்கி 1970 வரை இழுத்துப் பிடித்தார். புத்தகக் கட்டுகளைத் தானே சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய் விற்றார். பணம் சேரவில்லை. ஆனால் புதுக்கவிதை வளர்ந்ததைப் பற்றிப் பேசுகிற யாரும் 'எழுத்து' பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது.

லாபம் பார்த்தவர்களும் சரி, நஷ்டப்பட்டவர்களும் சரி, யாருக்காக எழுதுகிறோம் என்பதில் தெளிவாக இருந்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. என் சீசன் சிறப்பிதழுக்கு அதுதான் இல்லை. அருவிக்கு வந்தவர்களுக்கும் அது பயன்படவில்லை, ஆச்சிக்கும் பயன்படவில்லை.

எனவே பழைய 'சாரலு'க்கே திரும்பினேன். யாருக்கு எழுதுகிறேன் என்று தெரிந்துவிட்டதல்லவா? அவர்கள் விஷயத்தையே எழுதினேன். 'கழிவு' என்று தலைப்பு.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அம்மா ஒரு நாளைக்கு 800 பீடி சுற்றுவாள். 25 பீடி ஒரு கட்டு. ஆக 32 கட்டு. கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால், சரியில்லை என்று இரண்டு மூன்று கட்டைக் கழித்துவிடுவார்கள். கழித்ததற்குக் கூலி கிடையாது. ஆனால் அந்தக் கட்டும் திரும்பி வராது, கடையிலேயே இருந்துவிடும். இலை குறைந்தால் கைக்காசு போட்டு வெளியே வாங்கிக் கணக்கை நேராக்க வேண்டும். 'கூலி இல்லாத பீடி எங்கே போகிறது?' என்று கேட்டு முடித்திருந்தேன். கடை பெயரோ ஆள் பெயரோ போடவில்லை. வாசித்தபோது திண்ணையில் ஒரு சத்தம் இல்லை. முடிந்ததும் மதினி, "நெசந்தான?" என்றாள்.

நான்கு நாளில் விஷயம் கடைக்குப் போய்விட்டது. யார் சொன்னார்கள் என்று தெரியாது. எங்கள் தெருவில் எதுவும் ஒளிவு கிடையாது. "என்ன, ஒம்மவ பெரிய பத்திரிகைக்காரியோ?" என்று கேட்டாராம் கடைக்காரர். அன்று அம்மாவுக்கு 6 கட்டுக் கழிவு.

அம்மா தட்டை ஓரமாக வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அட்டை போய்விட்டால்? பாஸ் புக்கை வாங்கி வைத்துக்கொண்டால்? என் உதவித்தொகை? அப்பா என்னைத் திட்டவில்லை. "நமக்கெதுக்கும்மா இதெல்லாம்" என்று மட்டும் சொன்னார். அது திட்டியதைவிட வலித்தது. அம்மா சொன்னாள்: "அந்தப் பக்கத்தக் கிழிச்சிருட்டி."

கிழித்தேன். அடுப்பில் போட்டேன். டிராயிங் ஷீட் தடிமன். சீக்கிரம் எரியவில்லை.

அந்த வாரம் நான் எதுவும் எழுதவில்லை. 'எழுதினால் என்ன கிடைக்கும்?' என்ற கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். 6 கட்டுக் கழிவு கிடைக்கும்!

ஞாயிற்றுக்கிழமை யாரும் வர மாட்டார்கள் என்று இருந்தேன். தட்டோடு வந்துவிட்டார்கள். ஆச்சி உட்கார்ந்ததுமே, "அந்தக் கழிவு கதைய வாசிட்டி" என்றாள்.

"கிழிச்சிட்டேன் ஆச்சி."

ஆச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவளே சொல்ல ஆரம்பித்தாள். நான் எழுதியது வரிசையாக அவளுக்கு மனப்பாடமாக இருந்தது. நடுவில் மதினி, "எனக்கு முந்தாநேத்து நாலு கட்டு" என்றாள். சித்தி, "எனக்கு மூணு. நூலு சரியில்லன்னு சொன்னாவ, நூலு அவிய குடுத்ததுதான்" என்றாள். ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். கடைசியில் அம்மா வாயைத் திறந்தாள். "எனக்கு ஆறு." கொஞ்சம் பொறுத்து என்னைப் பார்த்துச் சொன்னாள்: "கதையா எழுதாத. தேதி போட்டுக் கணக்கா எழுதி வையி."

அன்றிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டு. யார், எந்தத் தேதி, கொடுத்தது எத்தனை, கழித்தது எத்தனை, சொன்ன காரணம் என்ன? லேபில் ரீடிங் எடுத்து டேபிள் போடுவோமே, அதே மாதிரி கோடு போட்டு எழுதினேன். இரண்டு மாதம் முடிந்ததும் எட்டுப் பேரும் சேர்ந்து அந்த நோட்டோடு கடைக்குப் போனார்கள். நான் போகவில்லை. அம்மா வேண்டாம் என்றுவிட்டாள். என்ன பேசினார்கள் என்று முழுவதும் எனக்குத் தெரியாது. பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன். கழிவு நிற்கவில்லை. ஆனால் கழிக்கிற கட்டை அவர்கள் கண் முன்னால் பிரித்துக் காட்டி, கையிலேயே திருப்பிக் கொடுக்கிறார்கள். இலையையும் தூளையும் மறுபடி பயன்படுத்திக்கொள்ளலாம். அம்மாவுக்கு இப்போது ஒரு நாளைக்கு ஒரு கட்டுக்கு மேல் கழிவதில்லை. அட்டை அம்மாவிடமே இருக்கிறது.

தோழர்களே, இதுதான் 'சாரலி'ன் வரவு செலவு. விலைப்பலகைக்கு 300 ரூபாய். சீசன் சிறப்பிதழுக்கு 400 ரூபாய். எரிந்துபோனது ஒரு தாள். மிச்சமானது நாளொன்றுக்கு ஒன்றிரண்டு பீடிக் கட்டு.

இப்போதும் விலைப்பலகை எழுதுகிறேன். வரும் சீசனிலும் எழுதுவேன். பஸ் பாஸுக்கும் ரெக்கார்டு நோட்டுக்கும் ஆகிறது. அது என் கைத்தொழில். 'சாரல்' வேறு. அதில் விளம்பரம் கிடையாது. இரண்டையும் ஒரே தாளில் எழுதக்கூடாது என்பது நான் 400 ரூபாய் வாங்கிக்கொண்டு படித்த பாடம்.

உங்களில் யாருக்காவது எழுத ஆசை இருந்தால், பெரிதாக ஒன்றும் வேண்டாம். கோணலாகப் போன டிராயிங் ஷீட் எல்லார் வீட்டிலும் இருக்கும். மூன்று மடிப்பு, 16 பக்கம். பெயர் வைப்பதற்கு முன்னால், யார் எதிரே உட்கார்ந்து இதைக் கேட்கப் போகிறார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். உங்கள் படிப்பில் அவர்களுக்கு உதவுகிற விஷயம் எது என்று பாருங்கள். சிவில் படிக்கிறவர்கள் வீடு கட்டக் கம்பி, சிமெண்ட் கணக்கு எழுதலாம். மெக்கானிக்கல் அண்ணன்மார்கள் மோட்டார் பழுது பார்ப்பதை எழுதலாம். எழுதியதை உரக்கப் படித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் அவர்கள் வேறு பேச்சு பேசுகிறார்களோ அந்த இடம் சரியில்லை என்று அர்த்தம். தேதி போட மறக்காதீர்கள்.

இந்தக் கட்டுரையை மலரில் கொடுக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அம்மா ஒரு கட்டை முடித்து நூல் கட்டிவிட்டுச் சொன்னாள்: "காலேஜ் புஸ்தகத்துல வரட்டும். ஆனா பேரு போடாத."

அதனால் பெயர் போடவில்லை. மன்னிக்கவும்.

- ஒரு மாணவி, இரண்டாம் ஆண்டு, மின்னியல் துறை